ஆடாதே என்றது ஓர் ஊர்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

இயற்பியல் மாணவி ஒருத்தி ஆண்டு மலருக்கு எழுதுவதென்றால் அணுவைப் பற்றியோ அண்டத்தைப் பற்றியோ எழுதுவாள் என்றுதான் பேராசிரியப் பெருமக்கள் எதிர்பார்த்திருப்பார்கள். நானோ ஓர் ஆட்டப் படத்தைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். அதுவும் தமிழ்ப் படமன்று. நான் பிறப்பதற்கு இருபத்தோர் ஆண்டுகளுக்கு முன், 1984இல், அமெரிக்காவில் வெளிவந்த படம். "படிக்கிற பிள்ளைக்கு இது எதற்கு?" என்று கேட்கும் அன்பர்கள் சற்றே பொறுத்து, இறுதிவரை படித்துவிட்டுத் தீர்ப்புக் கூறுமாறு வேண்டுகிறேன்.

படத்தின் பெயர் 'ஃபுட்லூஸ்'. கால்கட்டு இல்லாதவர் என்று தமிழில் சொல்லலாம். கால்கட்டு என்றால் என்ன பொருள் என்று நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்! டீன் பிட்ச்ஃபோர்டு எழுதி, ஹெர்பர்ட் ராஸ் இயக்கிய இப்படம் அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 8 கோடி டாலர் ஈட்டியது. கென்னி லாகின்ஸ் பாடிய தலைப்புப் பாடலும், டெனீஸ் வில்லியம்ஸ் பாடிய மற்றொரு பாடலும் அந்நாட்டின் பாடல் வரிசையில் முதலிடம் பிடித்தன. இரண்டுமே ஆஸ்கார் பரிசுக்கும் முன்மொழியப்பட்டன. கதைத்தலைவனாக நடித்த கெவின் பேகன் ஒரே படத்தில் உலகப் புகழ் பெற்றார்.

கதை எளியது. ரென் என்ற இளைஞன் சிகாகோ மாநகரிலிருந்து தாயுடன் பொமான்ட் என்னும் சிற்றூருக்கு வருகிறான். தந்தை குடும்பத்தைக் கைவிட்டுச் சென்றுவிட்டார். உறவினர் வீட்டில்தான் தங்கல். அந்த ஊரில் இளைஞர்கள் ஆடக் கூடாது, அது சட்டம். காரில் பாட்டைச் சத்தமாக வைத்தாலும் காவலர் வந்து நிற்பார். அச்சட்டத்திற்குப் பின்னால் நிற்பவர் ஊர்ப் பாதிரியார் ஷா மூர். பள்ளி இறுதி ஆண்டு மாணவர்களுக்கு ஓர் ஆட்ட விழா வேண்டும் என்று ரென் போராடுகிறான். பாதிரியாரின் மகள் ஏரியல் அவனுக்குத் துணை நிற்கிறாள். இறுதியில் விழா நடக்கிறது, எல்லோரும் ஆடுகிறார்கள், படம் முடிகிறது.

இப்படத்தை நான் முதன்முறை பார்த்தது 2021ஆம் ஆண்டின் இறுதியில். அப்பொழுது பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். என் வகுப்புத் தோழிகள் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்துவிட்டார்கள், நான் சேரவில்லை. ஏன் சேரவில்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன். பெருந்தொற்றுக் காலத்தில் இணையவழிப் பாடத்திற்கென்று அப்பா கடன்பட்டு வாங்கித் தந்த கைப்பேசி, பாடம் நின்ற பிறகு படம் பார்க்கப் பயன்பட்டது. ஆங்கிலம் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. ஆனால் ரென் ஆளரவமற்ற கிடங்கு ஒன்றில் தனியே நின்று சினத்தோடு ஆடுகிறானே, அந்தக் காட்சிக்கு மொழி தேவைப்படவில்லை. எனக்காகவே அவன் ஆடுவதாக நினைத்துக்கொண்டேன். பாதிரியார் வரும்போதெல்லாம் பற்களைக் கடித்தேன். 'ஊரார் பிள்ளைகளின் கால்களைக் கட்ட இவர் யார்?' என்பதே என் கேள்வி.

இரண்டாம் முறை பார்த்தது இக்கல்வியாண்டில், எங்கள் விடுதி அறையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மழையில். தோழி ஒருத்தியின் மடிக்கணினியைச் சுற்றி எட்டுப் பேர் அமர்ந்திருந்தோம். மற்றவர்களுக்கு முதல் முறை. நான் முன்பு பற்களைக் கடித்த அதே இடங்களில் அவர்களும் கடித்தார்கள். பாதி படத்தில் என்னை அறியாமல், "அந்தப் பாதிரியார் பாவம்டி" என்று சொல்லிவிட்டேன். ஏழு பேரும் திரும்பி என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அந்தப் பார்வைக்கு அன்று என்னால் விடை சொல்ல முடியவில்லை. இந்தக் கட்டுரைதான் அந்த விடை.

பாதிரியார் ஏன் ஆட்டத்தைத் தடுத்தார்? அவருடைய ஒரே மகன் ஆட்டம் முடிந்து இரவில் குடிபோதையோடு காரில் திரும்புகையில் விபத்தில் இறந்துபோனான். ஊரே கலங்கியது. அந்தத் துயரத்தில்தான் மதுவுக்கும் போதைப் பொருளுக்கும் ஆட்டத்திற்கும் சேர்த்துத் தடை வந்தது. பதினாறு வயதில் இந்தச் செய்தி என் காதில் விழாமல் போனது ஏன் என்று எண்ணிப் பார்த்தேன். 1984ஆம் ஆண்டுப் படத்தில் அந்த விபத்து காட்டப்படுவதில்லை, வாய்ச்சொல்லாகத்தான் வருகிறது. 2011இல் இதே கதையை மீண்டும் எடுத்தபோது விபத்தைத்தான் முதற்காட்சியாக வைத்தார்கள். கண்ணால் கண்டால்தான் துயரம் என்று கருதும் இளம் வயதில், வாயால் சொன்ன துயரம் எனக்குக் கேட்கவில்லை போலும்.

இனி அறிவியல் மாணவியாகச் சிறிது பேசுகிறேன். சோதனைக் கூடத்தில் எங்களுக்கு முதலில் கற்பிக்கப்படும் பாடங்களுள் ஒன்று இது: இரண்டு நிகழ்ச்சிகள் சேர்ந்து வந்தால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று முடிவு கட்டிவிடாதே. உடன் வருவது வேறு, காரணம் வேறு. பொமான்ட் ஊரில் நடந்ததென்ன? ஆட்டம் நடந்தது, குடி நடந்தது, இரவில் கார் ஓடியது, உயிர் போயிற்று. இவற்றுள் உயிரைப் பறித்தது எது? குடித்த கையில் இருந்த வண்டி. மதுவைத் தடுத்ததில் ஒரு நியாயம் உண்டு. ஆட்டம் அங்கே உடன் இருந்ததே தவிர, கொன்றதன்று. ஆனால் துயரத்திற்குச் சோதனைக் கூடத்தின் பொறுமை கிடையாது. கைக்கு எது அகப்படுகிறதோ அதைக் காரணம் என்று பிடித்துக்கொள்ளும். பிடித்ததை எளிதில் விடாது.

தடை பலித்ததா என்பதைப் படமே சொல்கிறது. ஆட்டத்தை நிறுத்தியதால் பொமான்ட் இளைஞர்கள் வீட்டில் அடங்கிக் கிடந்தார்களா? இல்லை. படத்தின் தொடக்கத்திலேயே ஏரியல், ஓடிக்கொண்டிருக்கும் இரு வண்டிகளுக்கு நடுவே இரண்டிலும் கால் வைத்து நிற்கிறாள். எதிரே பெரிய லாரி வந்துகொண்டிருக்கிறது. பிறகு ஓடிவரும் ரயிலுக்கு முன் தண்டவாளத்தில் நிற்கிறாள். இளைஞர்கள் டிராக்டர்களை நேருக்கு நேர் ஓட்டி, யார் முதலில் அஞ்சி விலகுவது என்று பந்தயம் வைக்கிறார்கள். அந்தப் பந்தயத்தில் ரென் வென்றது வீரத்தாலன்று. காலணியின் கயிறு சிக்கிக்கொண்டதால் அவனால் இறங்க முடியவில்லை! சிரித்துவிட்டுக் கடந்து போகும் காட்சிதான். ஆனால் எண்ணிப் பாருங்கள்: ஒரு மகனை இழந்த தந்தை, பிள்ளைகளைக் காக்க வேண்டும் என்று போட்ட தடை, தம் மகளையே லாரிக்கும் ரயிலுக்கும் முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. காக்க வந்த சட்டம் எதைக் காத்தது?

படத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஆட்டக் காட்சியன்று, நகரமன்றக் கூட்டம். ரென் அங்கே கத்தவில்லை, கல்லெறியவில்லை. விவிலியத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போகிறான். தாவீது மன்னர் இறைவன் திருமுன் ஆடியதையும், துதிப்பாடல்களில் ஆட்டமும் வழிபாடாகவே கூறப்படுவதையும் எடுத்துக்காட்டுகிறான். எந்த நூலைக் கொண்டு தடை போட்டார்களோ அந்த நூலையே படித்துவிட்டு வந்து பேசுகிறான். அவனுக்கு அந்தப் பகுதிகளைக் குறித்துக் கொடுத்தவள் ஏரியல். நான் முதன்முறை பார்த்தபோது கைதட்டியது கிடங்கில் ஆடிய கால்களுக்கு. இம்முறை கைதட்டியது நூலைப் புரட்டிய விரல்களுக்கு.

ஆனாலும் மன்றம் அவன் கோரிக்கையை ஏற்கவில்லை, தோற்றுத்தான் போகிறான். பிறகு செய்வதுதான் அவனை வளர்ந்த மனிதனாக்குகிறது. ஊர் எல்லைக்கு அப்பால் அவன் வேலை பார்க்கும் மாவு ஆலை இருக்கிறது. சட்டம் அங்கே செல்லாது. அங்கே ஆடிவிட்டுப் போகலாம். இருந்தும் அவன் பாதிரியாரைத் தேடிப் போகிறான். தன்னை விட்டுச் சென்ற தந்தையைப் பற்றிப் பேசுகிறான். மகளை விழாவிற்கு அழைத்துச் செல்ல ஒப்புதல் கேட்கிறான். இழந்தவன் இழந்தவரிடம் பேசுகிறான். ஒரு மகனைப் பறிகொடுத்தவரும் ஒரு தகப்பனைப் பறிகொடுத்தவனும் ஒரே அறையில் நிற்கும் அந்தச் சில நிமிடங்களில் சட்டத்தின் வேர் ஆடிவிடுகிறது. அடுத்து வரும் வழிபாட்டில், பிள்ளைகளை நம்பாவிட்டால் அவர்கள் நம்பிக்கைக்கு உரியவர்களாக எப்படி வளர்வார்கள் என்ற கருத்தில் பாதிரியார் பேசுகிறார். அதற்கு முன்பே, ஊரார் சிலர் நூல்நிலையப் புத்தகங்களைக் கொளுத்தும்போது அவர்களைத் தடுத்து வீட்டுக்கு அனுப்பியவரும் அவரேதான். தாம் மூட்டிய அச்சம் எங்கே போய் எரிகிறது என்பதை அங்கே அவர் கண்டுகொண்டார். ஜான் லித்கோ என்ற நடிகர் இந்தப் பாத்திரத்தைக் கொடியவனாக ஆக்காமல் நடித்திருப்பதே இப்படம் நாற்பதாண்டு கடந்து நிற்பதற்கு ஒரு காரணம் என்பது என் கருத்து.

குறைகளையும் சொல்லாவிட்டால் இது திறனாய்வாகாது. ஏரியலை அவளுடைய பழைய காதலன் அடிக்கிறான். தந்தையும் ஒருமுறை கன்னத்தில் அறைகிறார். இரண்டையும் படம் கதையின் திருப்பங்களாகப் பயன்படுத்திக்கொண்டு விரைந்து கடந்துவிடுகிறது. அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று நின்று கேட்பதில்லை. கறுப்பினப் பாடகர்களின் பாடல்களுக்கு ஊர் ஆடுகிறது; ஆனால் அந்த ஊரில் பெயர் சொல்லும்படியான கறுப்பினப் பாத்திரம் ஒன்றும் இல்லை. இவை சிறு குறைகள் அல்ல.

இன்னொரு செய்தி. கிடங்கில் தனியே ஆடும் அந்தப் புகழ்பெற்ற காட்சியில் கெவின் பேகன் தனியே ஆடவில்லை! நடனத்திற்கு ஒருவர், சாகசத்திற்கு ஒருவர், உடற்பயிற்சி வித்தைகளுக்கு இருவர் என்று நால்வர் அவருக்குப் பதிலாக உடல் உழைத்திருக்கிறார்கள். இதை அறிந்தபோது முதலில் ஏமாற்றமாக இருந்தது. பிறகு அதுவும் சரிதான் என்று தோன்றியது. ஒருவனுடைய விடுதலை என்று நாம் கைதட்டுவது பல பேருடைய உழைப்பாகத்தானே எங்கும் இருக்கிறது?

இக்கதை முழுக் கற்பனையுமன்று. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் எல்மோர் சிட்டி என்று ஒரு சிற்றூர் உண்டு. அங்கே 1898 முதல் பொது இடத்தில் ஆடுவதற்குத் தடை இருந்தது. 1980இல் அவ்வூர் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஆட்ட விழா வேண்டும் என்று கேட்டார்கள். ஊர் இரண்டுபட்டது. பள்ளி ஆட்சிக் குழுவில் வாக்குகள் இரண்டுக்கு இரண்டு என்று சமமாக நின்றன. தலைவரின் வாக்கு மாணவர்கள் பக்கம் விழுந்தது. எண்பத்திரண்டு ஆண்டுத் தடை ஒரு வாக்கில் தளர்ந்தது. அச்செய்தியைப் படித்து, அவ்வூருக்கும் சென்று வந்த பிறகுதான் பிட்ச்ஃபோர்டு இக்கதையை எழுதினார்.

உண்மைக்கும் படத்திற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனித்தீர்களா? படத்தில் விடுதலை கேட்க மாநகரிலிருந்து ஒருவன் வர வேண்டியிருக்கிறது. உண்மையில் யாரும் வரவில்லை. அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளே கேட்டார்கள். படத்தில் மன்றம் மறுக்கிறது. உண்மையில் பெரியவர்கள் கூடிப் பேசி ஒப்புக்கொண்டார்கள். திரைக்கதைக்கு நாயகன் வேண்டும், தோல்வி வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சிற்றூரில் பிறந்த எனக்கு உண்மைக் கதைதான் பெரிதாகத் தெரிகிறது. படம் எடுக்கப்பட்ட யூட்டா மாநிலத்துப் பேசன் பள்ளியின் மாணவர்கள், தம் பழைய கட்டடத்தை விட்டு நீங்கும் முன் கெவின் பேகன் ஒருமுறை வரவேண்டும் என்று இடைவிடாது வேண்டினார்கள். 2024 ஏப்ரலில் அவர் வந்து நின்றார். கேட்கத் தெரிந்த பிள்ளைகளுக்குக் கதவு திறக்கிறது.

இப்பொழுது, பின்னால் சொல்கிறேன் என்றதைச் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் பத்தாம் வகுப்பு வரைதான் பள்ளி. அதற்கு மேல் படிக்கப் பதினான்கு கிலோமீட்டர் போக வேண்டும். பெரியப்பாவின் ஒரே மகள், எனக்கு அக்கா, அப்படிப் போய்ப் படித்தவர். 2013இல் ஒரு மாலை, மாணவர்களை அடைத்துக்கொண்டு வந்த ஆட்டோ கவிழ்ந்து அக்கா இறந்துபோனார். எனக்கு அப்போது எட்டு வயது. "இனி நம்ம வீட்டுப் பொம்பளப் பிள்ள எதுவும் படிக்கன்னு ஊரைத் தாண்டக் கூடாது" என்றார் பெரியப்பா. எங்கள் குடும்பத்தில் அவர் சொல்லை என் அப்பா மீறியதில்லை. அந்தச் சொல்லால்தான் ஓராண்டு நான் வீட்டில் இருந்தேன். ரென் எனக்காக ஆடுவதாகத் தோன்றியது அதனால்தான். பாதிரியாரைப் பார்த்துப் பற்களைக் கடித்தபோது நான் யாரை நினைத்துக் கடித்தேன் என்பதையும் சொல்ல வேண்டியதில்லை.

அந்தத் தடையை உடைத்தவள் நானல்ல. அழுதேன், பட்டினி கிடந்தேன், பேசாமல் இருந்தேன், ஒன்றும் நடக்கவில்லை. உடைத்தவர் பெரியம்மா. எட்டாண்டுகளாக மகளைப் பற்றி வாய் திறவாத பெரியம்மா ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னார்: "எம்மவ படிக்கப் போனதால சாகலைங்க. பஸ்ஸு நேரத்துக்கு வரல. பதினாலு பேர் ஏறுன ஆட்டோவுல ஏறுனா. அதால செத்தா. படிப்பு என்ன பண்ணுச்சு?" பெரியப்பா கையைக் கழுவிவிட்டு எழுந்து போய்விட்டார். மறுநாள் காலை வந்து, "பஸ்ஸுல மட்டுந்தான் போகணும். ஆட்டோவுல ஏறக் கூடாது" என்று என்னிடம் சொன்னார். அவ்வளவுதான். முதல் நாள் பள்ளிக்கு என்னோடு பேருந்தில் வந்தவர் பெரியம்மா. பள்ளியில் காலெடுத்து வைக்காத பெரியம்மா, உடன் வருவது வேறு, காரணம் வேறு என்ற பாடத்தை எனக்கு முன்பே அறிந்திருந்தார்.

படத்திலும் பாதிரியாரின் மனைவி வை என்பவர் நெடுநேரம் பேசாமலே இருக்கிறார். பேசும்போது குறைவாகவும் சரியாகவும் பேசுகிறார். முதல் முறை பார்த்தபோது அவர் முகமே என் நினைவில் பதியவில்லை. இரண்டாம் முறை அவர் வரும் காட்சிகளில் வேறு யாரையும் நான் பார்க்கவில்லை.

பெரியப்பாவின் தடை தவறு. ஓர் ஆண்டை நான் இழந்தேன். அதை யாரும் திருப்பித் தர முடியாது. ஆனால் அந்தத் தடைக்குள் ஒரு மகளின் புத்தகப் பை இருந்தது. அதைக் காணாமல் அவரை வெறுத்த காலத்தில் என்னால் ஓர் அங்குலமும் நகர முடியவில்லை. இவ்வாண்டுத் தொடக்கத்தில் கல்லூரி விடுதிக்குப் புறப்பட்டபோது, பெரியப்பா அந்தப் பையைத் துடைத்து என் கையில் கொடுத்தார். இப்பொழுது அதைத்தான் தோளில் போட்டுக்கொண்டு சோதனைக் கூடத்திற்கு வருகிறேன்.

தோழர்களே, தோழியரே! நம்மில் பலர் நம் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். நம் வீடுகளில் இன்னும் பல 'கூடாது'கள் காத்திருக்கின்றன. அவற்றுள் வெறும் ஆதிக்கத்தால் வந்தவையும் உண்டு. அவற்றை அஞ்சாமல் எதிர்க்கத்தான் வேண்டும். ஆனால் சில 'கூடாது'களைத் தட்டினால் உள்ளே அழுகை கேட்கும். அங்கே தடையை நீக்குங்கள், அழுகையை அவமதிக்காதீர்கள். படித்த நமக்கு அந்தப் பொறுப்பு உண்டு. உண்மையான காரணம் எது என்று கண்டுபிடித்துச் சொல்லுங்கள். ஆட்டத்தைத் தடுக்காதே, குடித்தவன் கையிலிருந்து வண்டியைத் தடு என்று சொல்லுங்கள். படிப்பைத் தடுக்காதே, நேரத்துக்குப் பேருந்து கேள் என்று சொல்லுங்கள்.

பேராசிரியப் பெருமக்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு விண்ணப்பம். எங்களைத் தடுக்கும் முன் ஏன் தடுக்கிறீர்கள் என்ற கதையை எங்களிடம் சொல்லுங்கள். பொமான்ட் ஊர் இளைஞர்களுக்குச் சட்டத்தை எல்லோரும் சொன்னார்கள். துயரத்தை ஒருவரும் உட்கார்ந்து சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளைகள் ஆடிவிட்டு, நடந்தே வீட்டுக்குப் போயிருப்பார்கள்.